செவ்வாத்தூர் கிணற்றுக் கல், பாலாற்றுச் சிவப்பு மணி: கிம்பர்லைட் அறிகுறியா?

பாலாற்றங்கரை:

வணக்கம். இரண்டு மாதிரிகள் கையில் இருக்கின்றன. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முதலாவது, திருப்பத்தூரை அடுத்த செவ்வாத்தூர் பக்கம் கிணறு ஆழப்படுத்தியபோது சுமார் 35 அடியில் வந்த கல். பச்சை கலந்த சாம்பல் நிறம். ஈரத்தில் நகத்தாலேயே கீறலாம். உள்ளே தங்க நிறத்தில் காக்காப்பொன் (மைக்கா) தகடுகள், பெரியது கட்டைவிரல் நகம் அளவு. சில துண்டுகளில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கிறது.

இரண்டாவது, ஆம்பூருக்குக் கீழே பாலாற்றில் அரித்த மணல். 10 கிலோவை அரித்ததில் கருமணலோடு சிவப்பு மணிகள் ஒரு தேக்கரண்டி அளவு நின்றன. கூடவே கொஞ்சம் பச்சை மணிகள்.

வைரத்தை ஆழத்திலிருந்து மேலே கொண்டுவரும் எரிமலைப் பாறையான கிம்பர்லைட்டுக்கு நீல மண், மைக்கா, சிவப்பு கார்னெட் மூன்றும் அடையாளம் என்கிறார்கள். கிம்பர்லைட் குழாய்கள் உள்ள ஆந்திரத்து வஜ்ரகரூர் நம் வேலூரிலிருந்து நேர்கோட்டில் சுமார் 300 கி.மீ. தான். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மேலே போக அர்த்தம் இருக்கிறதா? அதிகச் செலவில்லாமல் எந்தச் சோதனையை முதலில் செய்யலாம்?

கருங்கல்மேடு:

முதல் வேலை, இரண்டையும் சேர்த்துப் பார்க்காதீர்கள். செவ்வாத்தூர்ப் பக்கத்துத் தண்ணீர் பாம்பாறு வழியாகத் தென்பெண்ணைக்குப் போகிறது. ஆம்பூர் மணல் பாலாற்றுடையது. வடிநிலமே வேறு. அந்தக் கல்லிலிருந்து இந்த மணி வந்திருக்க வழி கிடையாது. வைரத் தேடலில் ஓடை மணலைப் பார்ப்பதே, மணி எந்த மேட்டிலிருந்து இறங்கியது என்று பின்னோக்கி நடப்பதற்குத்தான். வடிநில வரைபடம் இல்லாமல் மாதிரி எடுத்தால் அந்த நடை தொடங்காது.

இனி அந்தக் கல். செவ்வாத்தூர் என்றதுமே பாதி விடை வந்துவிடுகிறது. அங்கே இருப்பது கார்பனடைட்டும் (சுண்ணாம்பு போன்ற கார்பனேட் மிகுந்த எரிபாறை) பைராக்சினைட்டும் (பைராக்சின் கனிமம் மிகுந்த கரும்பச்சைப் பாறை) சயனைட்டும் (syenite, ஃபெல்ட்ஸ்பார் மிகுந்த வெளிர் பாறை) சேர்ந்த ஒரு பாறைத் தொகுதி, கொஞ்சம் டூனைட்டும் (ஒலிவின் கனிமம் மிகுந்த பாறை) உண்டு. ஏலகிரி சயனைட், கொரட்டி, சாமல்பட்டி எல்லாம் இதே குடும்பம். வயது சுமார் 80 கோடி ஆண்டுக்குச் சற்று இப்படி அப்படி. பைராக்சினைட்டில் உள்ள மைக்கா நீரேறி வெர்மிகுலைட்டாக மாறியிருக்கிறது. தமிழக அரசின் கனிம நிறுவனமான டாமின் அங்கே வெர்மிகுலைட் எடுப்பது ஊரறிந்ததுதான். தங்க நிறத் தகடு, நகத்தில் கீறும் பச்சைக் கல், இடையிடையே அமிலத்துக்கு நுரைக்கும் துண்டு: மூன்றுமே அந்தத் தொகுதிக்கு அப்படியே பொருந்துகின்றன.

சரிபார்க்க ஒரு பைசா செலவில்லை. ஒரு தகட்டை நன்றாகக் காயவைத்து, இடுக்கியில் பிடித்து கேஸ் அடுப்புச் சுடரில் காட்டுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், சில துணுக்கு தெறிக்கும். வெர்மிகுலைட் என்றால் சில நொடியில் அடுக்குகள் விலகி, புழு நெளிவது போலத் தகட்டுக்குச் செங்குத்தாக நீண்டுகொண்டே வரும். அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் நீர் ஆவியாகித் தள்ளுவதுதான் காரணம். கிம்பர்லைட்டில் இருக்கிற சிதையாத ஃபுளோகோபைட் (ஒரு மைக்கா வகை) அப்படி உப்பாது. ஆனால் கவனம்: சிதைந்த கிம்பர்லைட்டிலும் ஃபுளோகோபைட் வெர்மிகுலைட்டாக மாறும். எனவே உப்பினால் கிம்பர்லைட் இல்லை என்று முடிவுகட்ட முடியாது, மைக்கா எந்த நிலையில் இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

அமிலச் சோதனையும் அதே கதைதான். கிம்பர்லைட்டின் கூழிலும் (பெரிய மணிகளைச் சுற்றியுள்ள நுண்மணிப் பகுதி) கால்சைட் உண்டு, நுரைக்கும். கார்பனடைட்டில் டோலமைட் வகை இருந்தால் கட்டியில் நுரைக்காது, பொடி செய்து விட்டால்தான் மெல்ல நுரைக்கும். நுரை எதையும் தீர்மானிக்காது.

தீர்மானிப்பது அமைப்பு. சிதையாத ஒரு துண்டைத் தேடி எடுங்கள், கிணற்று மேட்டில் கொட்டியதில் அடியில் கிடப்பதுதான் கடைசியாக வெட்டிய கல் என்று நினைத்துவிடாதீர்கள், மேலே கிடப்பதுதான் ஆழத்தது. அதை அறுத்து நனைத்துப் பாருங்கள். கிம்பர்லைட் என்றால் நுண்ணிய கறுப்புக் கூழில் அளவு ஒவ்வாத உருண்டை ஒலிவின்கள், அரை மி.மீ. முதல் 1 செ.மீ. வரை, பெரும்பாலும் பாம்புக்கல்லாக (செர்பென்டைன்) மாறி, விதைத்த மாதிரி கிடக்கும். நடுவே வேற்றுப் பாறைத் துண்டுகள் அடைபட்டிருக்கும். பைராக்சினைட்டில் மணிகள் ஏறக்குறைய ஒரே அளவில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். சந்தேகம் நீங்காவிட்டால் 30 மைக்ரான் மெல்லிய சீவல் போடுங்கள். நிலவியல் துறை உள்ள கல்லூரிகளில் செய்து தருவார்கள். இரண்டு தலைமுறை ஒலிவின், கூழில் பெரோவ்ஸ்கைட், ஸ்பினல் என்னும் நுண்கனிமங்கள், ஃபெல்ட்ஸ்பார் அறவே இல்லாமை, இவை சேர்ந்து தெரிந்தால்தான் கிம்பர்லைட் என்ற பெயரை எடுக்கலாம்.

சல்லடை:

கல்லை கருங்கல்மேடு சார் பார்த்துவிட்டார். நான் மணலுக்கு வருகிறேன்.

10 கிலோவில் ஒரு தேக்கரண்டி சிவப்பு மணி என்பதே எச்சரிக்கை. கிம்பர்லைட் தரும் பைரோப் கார்னெட் ஓடை மாதிரியில் ஒன்று, ஐந்து, பத்து என்று எண்ணுகிற கணக்கில் வரும். கரண்டியால் அள்ளுகிற அளவு கார்னெட் என்றால் அது நம் பக்கத்து மலைப்பாறைகளான சார்னோக்கைட்டும் நைஸும் உதிர்த்த அல்மண்டைன் என்னும் இரும்பு கார்னெட். வேலூர், ஆம்பூர் மலைகள் எல்லாமே ஒரு காலத்தில் பூமி ஓட்டின் ஆழத்தில் வெந்து மேலே வந்த பாறைகள். அவற்றில் இரும்பு கார்னெட் சாதாரணம்.

பிரிக்கும் விதம் சொல்கிறேன். மணிகளை 1 மி.மீ., 0.5 மி.மீ., 0.25 மி.மீ. சல்லடைகளில் தனித்தனியாகச் சலியுங்கள். அளவு கலந்து கிடந்தால் கண் ஏமாறும். வெள்ளைத் தட்டில் பரப்பி, வலிமையான நியோடிமியம் காந்தத்தை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி மேலே ஓட்டுங்கள். கருமணலில் உள்ள மேக்னடைட் தாவி ஒட்டும், அதைச் சாதாரண காந்தத்தால் முதலிலேயே எடுத்துவிடவேண்டும். அடுத்து அல்மண்டைன் நகர்ந்து வரும், ஒட்டும். குரோம் பைரோப் ஏறக்குறைய அசையாது. எஞ்சியதை 10 மடங்கு லென்ஸில் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அல்மண்டைன் மாதுளை விதை போல, சில சமயம் பழுப்பு ஓடிய சிவப்பு. பைரோப் கத்தரிப்பூ நிறம் கலந்த சிவப்பு, நாவல் பழச்சாற்றை நீரில் கலக்கிய மாதிரி. பலருக்கும் பிசகுவது இந்த இடம்தான். டியூப்லைட்டில் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும்.

மேற்பரப்பும் பேசும். பைரோப்பைச் சுற்றி கெலிஃபைட் என்னும் கரிய மேலோடு இருக்கும், அது உரிந்த இடம் சாத்துக்குடித் தோல் போலப் புள்ளிப் புள்ளியாகப் பள்ளம் விழுந்திருக்கும். அந்த ஓடும் தோலும் ஆற்றில் உருளும்போது தேய்ந்து போகும். ஒட்டிக்கொண்டிருந்தால் மூலம் அருகில் என்று பொருள். பச்சை குரோம் டயாப்சைடு அதைவிட மென்மை, பிளவுத் தளங்களில் உடைந்து சில கி.மீ.க்குள் காணாமல் போகும். பைரோப்பும் மக்னீசியம் மிகுந்த இல்மனைட்டும்தான் நெடுந்தூரம் தாக்குப் பிடிக்கும்.

இன்னொன்று. பாலாற்றின் நடுப்படுகை மாதிரி எடுக்க ஏற்ற இடமே இல்லை. கர்நாடகம், ஆந்திரம், ஜவ்வாது மலைச் சரிவு என எல்லாம் கலந்த மணல் அது. மலையடியில் இறங்கும் சிற்றோடைக்குப் போங்கள், 5 முதல் 10 சதுர கி.மீ. வடிகிற ஓடையாக இருக்கட்டும். மேலே கிடக்கும் மெல்லிய மணல் வேண்டாம். பாறை குறுக்கே படுத்துத் தண்ணீரைத் தடுக்கும் இடம், பெரிய குண்டுக்கல்லின் பின்புறம், கூழாங்கல் திட்டின் மேல்முனை, அங்கே தோண்டி அடிப்பாறைக்கு ஒட்டிய சரளையை எடுங்கள். 2 மி.மீ. சல்லடைக்குக் கீழே விழுவது 20 லிட்டர் பக்கெட் நிறைய வேண்டும். அதற்கு 50, 60 கிலோ சரளை சலிக்கவேண்டி வரும்.

அரிப்பது நம் வீடுகளில் அரிசியில் கல் அரிக்கிற அதே கைதான், ஆனால் தலைகீழ். அங்கே அரிசி அடுத்த சட்டிக்குப் போய் கல் அடியில் நிற்கும், நமக்கு அடியில் நிற்பதுதான் வேண்டும். அவசரப்பட்டுச் சாய்த்தால் முதலில் போவது 3.7 அடர்த்தி உள்ள பைரோப், இல்மனைட் 4.7, அது நின்றுவிடும். கருமணல் நிறைய நிற்கிறது, நன்றாக அரித்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு தேவையானதைக் கொட்டிவிடுவார்கள். அரிக்கும் கையைச் சோதிக்க, அரை மி.மீ. அளவில் பத்து ஈயக் குண்டு போடுகிறார்கள் சிலர். ஈயத்தின் அடர்த்தி 11, அது எப்படி அரித்தாலும் நிற்கும், எதையும் நிரூபிக்காது. தெரிந்த பைரோப் மணி பத்தை எண்ணிப் போட்டு அரியுங்கள். குறைந்தது எட்டு மணி திரும்ப வந்தால் கை பழகிவிட்டது.

பாலாற்றங்கரை:

இருவருக்கும் நன்றி. தகட்டைச் சுடரில் காட்டினேன், சொன்னபடியே புழு மாதிரி நீண்டது. சிவப்பு மணிகளில் மிகப் பெரும்பாலானவை நியோடிமியம் காந்தத்துக்கு வந்துவிட்டன. அசையாமல் நின்றவை ஆறு. பச்சை மணிகள் பதினான்கு.

இரண்டு கேள்வி. கல்லையே ஒரு பக்கெட் அளவு உடைத்து நேரடியாக வைரம் தேடினால் என்ன? மண்ணில் குரோமியம், நிக்கல் சோதனை செய்தால் கிம்பர்லைட் தெரியும் என்றும் படித்தேன், பாலாற்றுக் கரையில் அதைச் செய்யலாமா?

ஆழ்வேர்:

பக்கெட் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விடை தானாக வரும். மத்தியப் பிரதேசத்தில் பன்னா அருகே மஜ்கவான் குழாய் நம் நாட்டில் வைரம் எடுக்கும் சுரங்கம். 1827 முதல் தெரிந்த இடம், தரையில் சுமார் 500 மீட்டர் நீளம், 300 மீட்டர் அகலம். அங்கே கிடைப்பது 100 டன்னுக்குச் சுமார் 10 காரட். ஒரு காரட் 0.2 கிராம். அதாவது 10 டன் ஏற்றிய டிப்பர் லாரி ஒன்றை முழுக்க உடைத்தால் ஒரே ஒரு காரட், அதுவும் சின்னச் சின்ன மணிகளாக. உங்கள் பக்கெட்டில் 25 கிலோ கல் பிடிக்குமென்றால், நல்ல வைரச் சுரங்கத்துக் கல்லாகவே இருந்தாலும் அதில் 0.0025 காரட். ஒன்றும் அகப்படாதது கல்லின் குறை இல்லை. கிம்பர்லைட் என்று உறுதியான குழாய்களிலேயே பத்தில் ஒன்றில்தான் வைரம் இருக்கும், நூற்றில் ஒன்றுதான் தோண்டக் கட்டும்.

அதனால்தான் வைரத்தைத் தேடாமல் அதனோடு ஏறி வந்த கனிமங்களைத் தேடுகிறார்கள். ஓடை மாதிரியில் சிலதான் சிக்கும் என்றாலும், குழாயிலேயே வைரத்தைவிட அவை எத்தனையோ மடங்கு அதிகம். பாறையிலேயே பார்க்க வேண்டிய கட்டம் வந்தால் எரிசோடா உருக்கு முறை உண்டு. 8 கிலோ கல்லைச் சோடியம் ஹைட்ராக்சைடோடு சுமார் 550 டிகிரியில் உருக்கினால் சிலிகேட் எல்லாம் கரைந்து, 0.1 மி.மீ. நுண்வைரமும் அழியாமல் தங்கும். அந்த நுண்வைரங்கள் எந்த அளவில் எத்தனை என்பதை வைத்துப் பெரிய கல்லின் அளவை ஊகிப்பார்கள். வீட்டில் இதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள், உருகிய எரிசோடாவில் ஒரு துளி ஈரம் பட்டால் வெடித்துத் தெறித்து கண்ணைப் பறித்துவிடும்.

அந்த ஆறு மணிதான் உங்கள் கையில் இருக்கும் உண்மையான பொருள். அவற்றை எபாக்சி வட்டில் பதித்து, மெருகேற்றி, கார்பன் பூசி, ஈபிஎம்ஏ கருவியில் (எலக்ட்ரான் கற்றையால் வேதிக்கூறை அளப்பது) வைத்தால் ஒவ்வொரு மணிக்கும் ஒரு வரியில் விடை வந்துவிடும். மக்னீசியம் ஆக்சைடு 20 விழுக்காட்டைச் சுற்றியும் இரும்பு ஆக்சைடு 7, 8 விழுக்காடுமாக இருந்தால் பைரோப். இரும்பு 25, 30 என்று ஏறிக் குரோமியம் இல்லாமல் இருந்தால் அல்மண்டைன், கதை முடிந்தது.

பைரோப் என்றால் அடுத்த கணக்கு: கால்சியம் ஆக்சைடு விழுக்காட்டிலிருந்து, குரோமியம் ஆக்சைடு விழுக்காட்டின் கால் பங்கைக் கழியுங்கள். கால்சியம் 4, குரோமியம் 8 என்றால் 4 கழித்தல் 2, மிச்சம் 2. இது 3.375க்குக் கீழே, எனவே ஜி10 வகை, வைரத்தோடு அடிக்கடி சேர்ந்து வரும் ஹார்ஸ்பர்கைட் என்னும் ஆழப் பாறையிலிருந்து வந்தது. கால்சியம் 5.5, குரோமியம் 5 என்றால் மிச்சம் 4.25, அது ஜி9 வகை, லெர்சோலைட் என்னும் இன்னொரு ஆழப் பாறையிலிருந்து வந்தது. மேன்டிலிலிருந்து (பூமி ஓட்டுக்குக் கீழுள்ள அடுக்கு) வந்தது என்று காட்டுமே தவிர வைரத்துக்குச் சான்று ஆகாது. அறிக்கையில் பைரோப் என்று மட்டும் போட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள், ஒவ்வொரு மணியிலும் எது எத்தனை விழுக்காடு என்று காட்டும் மூலக அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்.

செவ்வாத்தூர்க் கல் பற்றியும் ஒரு வார்த்தை. கார்பனடைட்டும் மேன்டிலிலிருந்துதான் கிளம்புகிறது, அதனால் பலரும் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். வைரம் நிலைக்க 140, 150 கி.மீ.க்குக் கீழே, குளிர்ந்த தடித்த பழங்கண்டத்தின் அடிவேர் வேண்டும். கிழக்குத் தார்வார் என்னும் தென்னிந்தியப் பழங்கண்டப் பகுதியில் வஜ்ரகரூர் குழாய்கள் சுமார் 110 கோடி ஆண்டுக்கு முன் ஏறியபோது அந்த வேர் அங்கே இருந்தது. செவ்வாத்தூர் அதற்கு 30 கோடி ஆண்டுக்குப் பிந்தியது, பழங்கண்டத்தின் தெற்கு விளிம்பில் வடகிழக்கு-தென்மேற்காக ஓடும் உடைப்புகளை ஒட்டி ஏறியது. வயதும் இடமும் வழியும் வேறு. 300 கி.மீ. என்ற தூரத்துக்கு இதில் மதிப்பில்லை. ஆனால் அந்தக் கல்லை வைரம் இல்லை என்று தள்ளிவிடாதீர்கள், செவ்வாத்தூர்க் கார்பனடைட்டில் நயோபியம் தரும் பைரோகுளோர் இருக்கிறது. நாட்டுக்கு அதுவும் வேண்டிய பொருள்தான்.

கீழ்ப்பாலாறு:

மண் வேதியியல் கேள்விக்கு மட்டும் பதில். பாலாற்றுக் கரையில் குரோமியத்தை நம்பி இறங்காதீர்கள். குரோமியம், நிக்கல், நயோபியம் மூன்றும் கிம்பர்லைட் தேடலில் வழிகாட்டிகள்தான். ஆனால் வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று ஆற்றை ஒட்டியே தோல் பதனிடும் தொழில். தோலுக்குப் போடும் குரோமியம் சல்பேட் கழிவோடு பல ஆண்டுகளாக வண்டலில் படிந்திருக்கிறது. அங்கே குரோமியம் ஏறினால் அது தொழிற்சாலையைக் காட்டுகிறது, பாறையைக் காட்டவில்லை. நிக்கல் கூடவே ஏறாமல் குரோமியம் மட்டும் ஏறினால் உடனே சந்தேகப்படுங்கள். செவ்வாத்தூர்ப் பக்கம் போனால் இதன் மறுபக்கம்: டூனைட்டும் பைராக்சினைட்டும் நிக்கல், குரோமியம் தரும், கார்பனடைட் நயோபியம் தரும், மூன்றும் சேர்ந்து தாளில் அச்சு அசல் கிம்பர்லைட் போல நிற்கும்.

கார்னெட்டிலும் ஒரு கலப்படம். இரும்புக் கட்டுமானப் பட்டறைகளில் துரு எடுக்க கார்னெட் மணலைக் காற்றோடு பீய்ச்சி அடிப்பார்கள். கடற்கரையிலிருந்து வரும் அல்மண்டைன் அது. ராணிப்பேட்டை போன்ற தொழிற்பேட்டை ஓடையில் மாதிரி எடுத்தால் அதுவும் சட்டிக்கு வரும். ஒரே அளவு, கூரான உடைப்பு, உருளாத முனை என்றால் பட்டறை மணல்.

காந்த அளவையும் யாராவது அடுத்துக் கேட்பார்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். நம் அட்சரேகையில் பூமியின் காந்தக் கோடுகள் ஏறக்குறையப் படுத்தே போகின்றன. குழாய்க்கு நேர் மேலே ஒரு மேடு எழும் என்று கனடா வரைபடங்களைப் பார்த்துவிட்டு எதிர்பார்க்கக்கூடாது. வடக்கே பள்ளமும் தெற்கே மேடுமாக ஜோடியாக வரும், சில சமயம் பள்ளம்தான் எடுப்பாகத் தெரியும். அதற்கும் மேல் சார்னோக்கைட்டே காந்தம் உள்ள பாறை, டோலரைட் டைக்குகள் (பிளவுகளில் ஏறி உறைந்த கரும்பாறைச் சுவர்கள்) கோடு கோடாக ஓடுகின்றன. இங்கே காந்த அளவை தனியாக எதையும் சொல்லாது. மின்தடை அளவையோடு சேர்த்துப் பாருங்கள்: சிதைந்த கிம்பர்லைட் களிமண்ணாகி மின்சாரத்தை எளிதில் கடத்தும், சுற்றியுள்ள நைஸ் கடத்தாது. வட்டமாக ஒரு குறைதடைத் திட்டு, அதே இடத்தில் காந்த ஜோடி, மேலே சுக்கான் (சுண்ணாம்புக் கல்) படலம், மூன்றும் பொருந்தினால்தான் துளையிடும் பேச்சு.

சல்லடை:

அந்தப் பதினான்கு பச்சை மணி பாக்கி இருக்கிறது. ஆற்று மணல் என்பதால் முதலில் பாட்டில் கண்ணாடியைக் கழியுங்கள். கண்ணாடியின் அடர்த்தி 2.5, ஒழுங்காக அரித்திருந்தால் நின்றிருக்காது, ஆனாலும் பார்த்துவிடுங்கள். உள்ளே உருண்டையான காற்றுக் குமிழி இருந்தால் கண்ணாடி. பிஸ்தா பருப்பு நிறம், மஞ்சள் ஓடிய பச்சை என்றால் எபிடோட், நைஸ் பாறைகளில் நிறைய. கரும்பச்சையாகி ஓரத்தில் மட்டும் ஒளி புகுந்தால் ஹார்ன்பிளெண்ட். மரகதம் போன்ற தெளிந்த பச்சை, அதாவது குரோம் டயாப்சைடாக இருக்கக்கூடியது, எத்தனை என்று தனியாக எண்ணுங்கள். அது இருந்தாலும் ஆம்பூர் வரை பாலாற்றில் உருண்டு வந்திருக்க வாய்ப்புக் குறைவு, பக்கத்து ஓடையைத்தான் பார்க்கவேண்டும். அவற்றையும் அந்த ஆறு சிவப்போடு ஒரே எபாக்சி வட்டில் பதியுங்கள், கருவிக் கட்டணம் மிச்சம்.

அசையாமல் நின்ற ஆறு சிவப்பு மணிகளில் ஸ்பினல், ஜிர்கான், சிவப்பு ஓடிய ரூட்டைல் கலந்திருக்கவும் வழி உண்டு. ஆறும் பைரோப் என்று இப்போதே கணக்கு வைக்கவேண்டாம்.

கருங்கல்மேடு:

சட்டப் பக்கம் சுருக்கமாக. கையளவு மாதிரி பார்த்துக் கற்பது வேறு, தேடல் பணி வேறு. வைரம் 1957ஆம் ஆண்டுக் கனிமச் சட்டத்தின் கீழ் வருகிறது. குழி வெட்டுவது, துளையிடுவது எதற்கும் உரிமம் இல்லாமல் இறங்கக்கூடாது. சொந்த நிலம் என்றாலும் இதே விதி. 2023 திருத்தத்தில் ஆழக் கனிமங்களுக்கென்று தனித் தேடல் உரிமம் கொண்டுவந்தார்கள், வைரமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது, மாநில அரசு ஏலம் விட்டுத்தான் தரும். ஆற்று மணலைப் பக்கெட்டில் அள்ளுவதற்கும் முன்கூட்டியே வட்டாட்சியர் அலுவலகத்திலும் மாவட்டக் கனிமவளத் துறையிலும் சொல்லிவிடுங்கள். ஆற்றில் சல்லடையோடு நிற்பவரை மணல் கடத்துபவர் என்றுதான் முதலில் நினைப்பார்கள்.

பாலாற்றங்கரை:

தெளிவாகிவிட்டது. கிணற்றுக் கல்லை மெல்லிய சீவலுக்கு மட்டும் அனுப்புகிறேன். பச்சையில் எபிடோட் பதினொன்று, குமிழி உள்ளது இரண்டு, தெளிந்த பச்சை ஒன்றே ஒன்று. அந்த ஒன்றையும் ஆறு சிவப்பையும் ஒரே வட்டில் பதித்து ஈபிஎம்ஏக்கு அனுப்பி, மூலக அட்டவணை வந்ததும் அப்படியே இங்கே பதிகிறேன். அடுத்த மாதிரி மலையடி ஓடையில், அனுமதி கேட்ட பிறகு.

சல்லடை:

ஒவ்வொரு ஓடைக்கும் நடுவே சல்லடையைக் கழுவி, கண்ணிகளில் சிக்கிய மணியை ஊசியால் குத்தி எடுத்துவிடுங்கள். ஆம்பூர்ச் சல்லடையில் ஒட்டிய ஒரு மணி அடுத்த ஓடையின் பாக்கெட்டில் விழுந்தால் ஒரு மலையையே வீணாகச் சுற்ற வைத்துவிடும். பாக்கெட்டின் உள்ளே பென்சிலில் எழுதிய சீட்டு, வெளியே மார்க்கர், இரண்டும் வேண்டும். மார்க்கர் ஈரத்தில் அழியும், பென்சில் அழியாது.